கூச்சலுக்கு இளகும் விசில்

கால்பந்து விதிப் புத்தகத்தின் 5ஆம் விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்தில் நடந்தவை குறித்து அவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்கிறது அது. கோல் விழுந்ததா இல்லையா என்பதும், ஆட்டத்தில் யாருக்கு வெற்றி என்பதும்கூட அதில் அடக்கம். அந்த முடிவைச் சொல்லாலோ செய்கையாலோ எதிர்ப்பவருக்கு மஞ்சள் அட்டை என்கிறது 12ஆம் விதி. எழுதியபடி நடந்தால் நடுவரைச் சுற்றிச் சச்சரவே எழக்கூடாது. ஆனால் தொழில்முறைக் கால்பந்தில் ஆட்டம் முடிந்த பிறகு கோல் அடித்தவரைவிட விசில் ஊதியவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நடுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்பது தோற்ற அணியின் புகார். வீரர்கள் மரியாதையில்லாமல் மொய்த்துக்கொள்கிறார்கள் என்பது நடுவர்களின் புகார். இரண்டையும் தனித்தனியாகவே விவாதிப்பது வழக்கம். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. நடுவர் அழுத்தத்துக்கு இளகுவார் என்று வீரர்களுக்கும் மேனேஜர்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அழுத்துகிறார்கள்.

பாரபட்சம் என்றதும் ரசிகர் மனதில் முதலில் வருவது லஞ்சம். அப்படியும் நடந்திருக்கிறது. 2004 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பைப் போட்டியில் ஹாம்பர்க் அணி, கீழ்நிலை லீகில் ஆடிய பாடர்போர்னிடம் இரண்டு கோல் முன்னிலையை இழந்து 4-2 என்று தோற்றது. நடுவர் ராபர்ட் ஹாய்சர் பாடர்போர்னுக்குச் சந்தேகத்துக்குரிய இரண்டு பெனால்டிகளைக் கொடுத்தார். ஹாம்பர்கின் முன்கள வீரர் எமில் எம்பென்சாவை வெளியேற்றினார். அவரைக் காட்டிக் கொடுத்தவர்கள் ரசிகர்களோ நிருபர்களோ அல்ல, சக நடுவர்கள் நால்வர். 2005 ஜனவரியில் ஹாய்சர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெர்லினிலிருந்து இயங்கிய ஒரு பந்தயக் கும்பலிடம் அவர் வாங்கியது 67,000 யூரோவும் ஒரு பிளாஸ்மா டிவியும். நீதிமன்றம் விதித்தது 2 ஆண்டு 5 மாதச் சிறை.

இத்தாலியில் 2006இல் வெடித்த ‘கால்ச்சோபொலி’ ஊழல் வேறு மாதிரியானது. அதில் மைய விஷயம் நடுவருக்குக் கொடுத்த பணம் அல்ல. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று தீர்மானிக்கும் அதிகாரிகளிடம் யுவென்டஸ் கிளப்பின் பொது மேலாளர் லூசியானோ மோஜி வைத்திருந்த செல்வாக்கு. ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்களில், 2004 நவம்பரில் ரெஜ்ஜீனாவிடம் யுவென்டஸ் தோற்ற பிறகு நடுவர் ஜான்லூகா பாபரெஸ்டாவை உடைமாற்றும் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டதாக மோஜி பெருமையடித்ததும் ஒன்று. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பாபரெஸ்டா மறுத்தார். பூட்டியது உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒரு பெரிய கிளப்பின் நிர்வாகிக்குத் தோன்றியதே அன்றைய நிலையைக் காட்டுகிறது. யுவென்டஸின் இரண்டு லீக் பட்டங்கள் பறிபோயின. அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. மிலான், ஃபியோரென்டினா, லாட்சியோ, ரெஜ்ஜீனா அணிகளுக்கும் தண்டனை கிடைத்தது.

இவை செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருபவை. வாராவாரம் நடக்கும் பாரபட்சம் இப்படிப் பட்டவர்த்தனமாக இருக்காது. அதில் பணம் கைமாறுவதில்லை. தாம் சாய்கிறோம் என்பது பெரும்பாலும் நடுவருக்கே தெரிவதில்லை.

அதன் முதல் ஊற்றுக்கண் கூட்டம். இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். லிவர்பூலும் லெஸ்டரும் 1998-99 சீசனில் மோதிய ஆட்டத்தின் பதிவிலிருந்து 47 மோதல்களை எடுத்து, தகுதி பெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் மைதானத்தின் இரைச்சலோடு பார்த்தார்கள். மீதிப் பேருக்கு ஒலி நிறுத்தப்பட்டிருந்தது. இரைச்சலைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடச் சொந்த மைதான அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். பார்த்த காட்சி ஒன்றுதான். அறையில் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்ப்பவரை யாரும் மிரட்டப் போவதில்லை. ஆயினும் சத்தம் தீர்ப்பில் இறங்கியது.

ஆட்டம் நின்றுபோன நேரத்தை ஈடுகட்டக் கடைசியில் சேர்க்கும் நிமிடங்கள் இன்னொரு சாட்சி. அங்கே கணக்கு முழுவதும் நடுவரின் கையில் இருக்கிறது. லூயிஸ் கரிகானோ, இக்னாசியோ பலாசியோஸ் உவெர்த்தா, கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் 1990களின் ஸ்பானிய லீக் ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் சராசரியாக ஏறத்தாழ 4 நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. அதே அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் 2 நிமிடங்களுக்குச் சற்று மேல். வெற்றிக்கு 2 புள்ளிகள் என்பது 3 புள்ளிகளாக உயர்ந்தபோது இந்தச் சாய்வும் கூடியது. மான்செஸ்டர் யுனைடெட் தோற்றுக்கொண்டிருந்தால் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ‘ஃபெர்கி டைம்’ பெயரில் இங்கிலாந்தில் உலவிய கேலி வெறும் பொறாமைப் பேச்சு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி ஒரு சாய்வு நடக்கக்கூடியதே என்று ஸ்பெயினின் கணக்கு காட்டியது.

ஜெர்மன் லீகை ஆராய்ந்த தாமஸ் டோமென் கண்டது இன்னும் நுட்பமானது. ஆடுகளத்துக்கும் பார்வையாளர் இருக்கைகளுக்கும் நடுவே தடகள ஓடுபாதை உள்ள மைதானங்களில் நடுவரின் சாய்வு குறைவாக இருந்தது. கூட்டம் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே தீர்ப்பு கொஞ்சம் நிமிர்கிறது.

கூட்டமே இல்லாவிட்டால்? அந்தக் கேள்விக்கு விடை, யாரும் விரும்பாத விதத்தில், இரண்டு முறை கிடைத்தது. 2007 பிப்ரவரி 2 அன்று சிசிலித் தீவில் கட்டானியாவும் பலெர்மோவும் மோதிய ஆட்டத்தை ஒட்டி எழுந்த கலவரத்தில் பிலிப்போ ராசிட்டி என்ற காவல் அதிகாரி உயிரிழந்தார். பாதுகாப்பு வசதி போதாத மைதானங்களில் பார்வையாளர் இல்லாமலே ஆட வேண்டும் என்று இத்தாலிய அரசு உத்தரவிட்டது. அந்த ஆட்டங்களை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டவர் பெர் பெட்டர்சன் லிட்போம், மிக்கேல் பிரிக்ஸ் இருவரும், வெற்று மைதானத்தில் சொந்த அணிக்கான சலுகை வெகுவாகக் குறைந்ததைக் கண்டார்கள். வீரர்களின் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மாறியது நடுவரின் தீர்ப்புதான். இரண்டாம் முறை கொரோனா காலம். 2020 மே 16 அன்று ஜெர்மனியின் பண்டஸ்லிகா காலி இருக்கைகளுக்கு முன்னே மீண்டும் தொடங்கியது. மற்ற லீகுகள் பின்தொடர்ந்தன. பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வுகளில், வெளியூர் அணிகள் வாங்கிய மஞ்சள் அட்டைகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

நடுவரின் கண்ணை மறைப்பது சத்தம் மட்டுமல்ல. இரண்டு பேர் மோதி விழுந்து, யார் மேல் தவறு என்று புரியாத நிலையில், உயரமானவர்மீதே ஃபவுல் விழும் வாய்ப்பு அதிகம் என்று நெதர்லாந்தின் எராஸ்மஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். தோல் நிறம் பற்றிய கேள்வி இதைவிடக் கடினம். கறுப்பு வீரர்களுக்கு அதிகமாகச் சிவப்பு அட்டை கிடைக்கிறதா என்று அறிய, ஒரே தரவுத் தொகுப்பை 29 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி 20 குழுக்கள் ஆம் என்றன. 9 குழுக்கள் உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. பாரபட்சம் அறவே இல்லை என்று சாதிப்பவருக்கு இந்த முடிவு உதவாது. எல்லாம் நிறவெறிதான் என்று அடித்துச் சொல்பவருக்கும் உதவாது.

நடுவர் அமைப்புகள் இவற்றை அறியாதவை அல்ல. எந்த கிளப்பின் ரசிகர் என்பதை இங்கிலாந்து நடுவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த கிளப்பின் ஆட்டம் அவர்களுக்கு ஒதுக்கப்படாது. உலகக்கோப்பையில் மூன்றாம் நாட்டவரே நடுவராக நிற்பார். ஆனால் பற்றைத் தடுக்கலாம், வெறுப்பை எப்படித் தடுப்பது? லிவர்பூலையும் அதன் முன்னாள் மேனேஜர் யூர்கன் கிளாப்பையும் பிரீமியர் லீக் நடுவர் டேவிட் கூட் கெட்ட வார்த்தைகளால் திட்டும் வீடியோ 2024 நவம்பரில் வெளியானது. அடுத்த மாதமே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒற்றை ஆள் செய்த கேடுதான். ஆனாலும் நடுவர்கள் எல்லாரையும் சந்தேகிக்க ரசிகருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

இனி வீரர்கள் பக்கம். மஞ்சள், சிவப்பு அட்டைகள் பிறந்ததே ஒரு மரியாதைச் சிக்கலில்தான். 1966 உலகக்கோப்பைக் காலிறுதியில், வெம்பிளி மைதானத்தில், அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டினை ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் பேசிய மொழி மற்றவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வரச்சொல்லி ராட்டின் பல நிமிடங்கள் களத்தை விட்டு நகர மறுத்தார். அந்தப் போட்டியில் நடுவர்களின் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன், வீடு திரும்பும் வழியில் போக்குவரத்து சிக்னலைப் பார்த்தபோது, எந்த மொழிக்காரருக்கும் புரியும் நிறங்கள் அவருக்கு விடையாகத் தோன்றின. 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூட எடுக்கப்படவில்லை.

தீர்ப்பு புரியாமல் வாதிட்டவர் ராட்டின். இன்றைய வீரருக்குத் தீர்ப்பு நன்றாகவே புரிகிறது. 2000 ஜனவரியில் ஓல்டு டிராஃபோர்டில் மிடில்ஸ்பரோவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார் நடுவர் ஆண்டி டர்சோ. ராய் கீன், யாப் ஸ்டாம் முதலிய மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே துரத்த, அவர் பின்வாங்கிக்கொண்டே போனார். அந்தப் புகைப்படம் இன்றும் ஆங்கிலக் கால்பந்தின் வெட்கத்துக்கு அடையாளமாக எடுத்துக் காட்டப்படுகிறது. பெனால்டி திரும்பப் பெறப்படவில்லை. அதைக் கோல்கீப்பர் தடுத்துவிட, யுனைடெட் 1-0 என்று வென்றது. கத்தியதால் கொடுத்த தீர்ப்பு மாறுவது அரிது என்பதை இத்தனை ஆண்டு அனுபவமுள்ள வீரர்கள் அறியாதவர்களா? அவர்கள் கத்துவது இந்தத் தீர்ப்புக்காக அல்ல, அடுத்த தீர்ப்புக்காக. இரைச்சல் நடுவரை இளக்கும் என்று ஆய்வாளர்கள் அளந்து சொன்னதை, அளக்காமலே களத்தில் கற்றவர்கள் இவர்கள்.

வீரர் கைவைத்தால் தண்டனை கடுமையாகத்தான் இருக்கிறது. 1998இல் நடுவர் பால் ஆல்காக்கைத் தள்ளிவிட்ட பாவ்லோ டி கானியோவுக்கு 11 ஆட்டத் தடை. 2023 மார்ச்சில் கிறிஸ் காவனாவைப் பிடித்துத் தள்ளிய ஃபுல்ஹாம் வீரர் அலெக்சாண்டர் மிட்ரோவிச்சுக்கு 8 ஆட்டங்கள். சத்தம் போடுவதற்கு இப்படி உறுதியான விலை இல்லை. பத்துப் பேர் சூழ்ந்து நின்று திட்டினால் பத்து அட்டை எடுக்க எந்த நடுவரும் துணிவதில்லை. கூட்டமாகச் செய்தால் தப்பிக்கலாம் என்பதே நடைமுறைப் பாடம்.

மேனேஜர்கள் இதே வேலையைச் செய்தியாளர் கூட்டத்தில் செய்கிறார்கள். 2005 பிப்ரவரியில் பார்சிலோனாவிடம் செல்சி 2-1 என்று தோற்றது. டிடியே ட்ரோக்பா வெளியேற்றப்பட்டார். இடைவேளையில் பார்சிலோனா பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கார்ட் நடுவரின் அறைக்குள் போனார் என்று செல்சி மேனேஜர் ஜோசே மொரின்ஹோ குற்றம் சாட்டினார். அது உண்மையல்ல என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஎஃபா முடிவு செய்து அவருக்கு 2 ஆட்டத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் நடுவர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்கின் வீட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்து சேர்ந்திருந்தன. ஐரோப்பாவின் முன்னணி நடுவர்களில் ஒருவரான அந்த ஸ்வீடன்காரர், குடும்பத்தின் பாதுகாப்பைக் கருதி அடுத்த மாதமே விசிலைக் கழற்றி வைத்துவிட்டார். மேனேஜர் 2 ஆட்டங்களுக்குப் பிறகு திரும்பி வந்தார். நடுவர் திரும்பவே இல்லை.

இந்திய ரசிகர்கள் நேரில் கண்ட சம்பவம் 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்தது. இந்தியன் சூப்பர் லீக் நாக்-அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச் சுவரைக்கூட அமைக்காத நிலையில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துக் கோலாக்கினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதை ஏற்றார். கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுக்கோமனோவிச் தம் வீரர்களை வெளியே அழைத்தார், அணி திரும்பவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. அந்தக் கோல் செல்லுமா என்று விதி தெரிந்தவர்களே விவாதித்தார்கள். விவாதத்துக்கு இடமிருந்தது. வெளிநடப்புக்கு இல்லை.

சொல் கையாக மாறினால் என்ன ஆகும் என்பதைத் துருக்கி காட்டியது. 2023 டிசம்பர் 11 அன்று அங்காராவில், கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் ஆட்டம் 1-1 என்று முடிந்ததும், அங்காராகுஜு கிளப்பின் தலைவர் ஃபாரூக் கோஜா களத்துக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை வேறு சிலர் உதைத்தார்கள். நாட்டின் லீக் ஆட்டங்கள் அனைத்தும் ஒரு வாரம் நிறுத்தப்பட்டன. கோஜாவுக்குக் கால்பந்தில் நிரந்தரத் தடை. பின்னர் நீதிமன்றம் சிறைத் தண்டனையும் விதித்தது. மெலர் களத்துக்குத் திரும்பி, 2024 ஐரோப்பியக் கோப்பையிலும் விசில் பிடித்தார். இத்துடன் துருக்கி நடுவர்கள்மீது அனுதாபம் பெருகியிருக்க வேண்டும். ஆனால் 2025 அக்டோபரில், தொழில்முறை லீகுகளின் 571 நடுவர்களில் 371 பேருக்குப் பந்தயக் கணக்கு இருப்பதாக அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பே அறிவித்தது. 149 பேர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்கள். அடிபட்டவர் மெலர், நடுவர்கள்மீதான சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தவர்கள் அவருடைய சகாக்கள்.

பரிகாரங்கள் பல முறை முயலப்பட்டன. வீரர் வாதாடினால் ஃப்ரீ கிக்கை 10 கஜம் முன்னே நகர்த்தும் விதியை ரக்பியிலிருந்து எடுத்து இங்கிலாந்தில் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். 2008 மார்ச்சில், அட்டை காட்டிய நடுவர் மைக் ரைலிக்கு வீரர் ஆஷ்லி கோல் முதுகைக் காட்டி நின்றதும், நான்கே நாளில் நடுவரிடம் ஓயாமல் வாதாடி ஹாவியர் மஸ்கெரானோ வெளியேற்றப்பட்டதும் பெரும் விவாதமாகி, அந்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ‘ரெஸ்பெக்ட்’ இயக்கத்தைத் தொடங்கியது. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியது அதன் உருப்படியான பலன். உச்ச நிலை லீகில் சுவரொட்டிகள் மட்டும் மிஞ்சின.

வீடியோ உதவி நடுவர் முறையான விஏஆர், 2018 உலகக்கோப்பையில் நுழைந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என்ற நான்கு விஷயங்களில்தான் அப்போது அது தலையிட முடிந்தது. கூட்டத்தின் சத்தம் எட்டாத அறையில் இருப்பவர் சரியாகச் சொல்வார் என்பது எதிர்பார்ப்பு. வெளிப்படையான தவறுகள் குறைந்தன. ஆனால் 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த செல்லுபடியான கோல் ஆஃப்சைடு என்றே நிலைத்துவிட்டது. களத்தில் கோல் கொடுக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்ட வீடியோ நடுவர், சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். கருவி பார்த்தது சரி. மனிதர்கள் பேசிக்கொண்டது தவறு. பிறகு அந்த உரையாடலின் ஒலிப்பதிவை நடுவர் அமைப்பே வெளியிட்டது நல்ல காரியம். ஒளித்திருந்தால் சதி என்றே பேசியிருப்பார்கள். 2024 ஜூனில் விஏஆரைக் கைவிடலாம் என்று வுல்வ்ஸ் கிளப் கொண்டுவந்த தீர்மானத்தை மற்ற 19 கிளப்புகளும் எதிர்த்து வாக்களித்தன. திட்டுகிறார்கள், ஆனால் விட மனமில்லை.

இதுவரை வந்தவற்றில் நோயின் வேரைத் தொட்டது 2024 ஐரோப்பியக் கோப்பையில் யூஎஃபா கொண்டுவந்த விதி. நடுவரிடம் விளக்கம் கேட்க அணியின் கேப்டன் மட்டுமே நெருங்கலாம். வேறு யார் வந்து வாதிட்டாலும் மஞ்சள் அட்டை. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் களத்தில் உள்ள இன்னொருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். இதற்கு ஈடாக, முக்கிய முடிவுகளின் காரணத்தை நடுவர் கேப்டனுக்குச் சொல்வார். மரியாதையைப் போதிப்பதை விட்டுவிட்டு, சூழ்ந்துகொள்ளும் வழியையே இது அடைக்கிறது. ராட்டின் கேட்ட விளக்கத்துக்கும் இதில் இடமிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், இருக்கைகளிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்த முடியாவிட்டாலும் களத்துக்குள் எழும் சத்தத்தை நிறுத்த முடியும் என்று அந்தப் போட்டி காட்டியது.

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2025-26 விதிப் புத்தகத்தில் இதற்கான வழிகாட்டுதலைச் சேர்த்தது. கட்டாயமாக்கவில்லை, ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு லீகும் போட்டியும் தானே முடிவு செய்துகொள்ளலாம்.